பழசை நிறுத்திட்டு வாங்க

இந்தக் காலத்தில் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறவன் எவன் இருக்கிறான்? கேள்வி இந்தப் பக்கம் நிற்கும், பதில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வரும். முன்பெல்லாம் ஆபீஸில் எரிந்துவிழுவார்கள். காரியம் நடக்காது என்றாவது அப்போதே தெரிந்துபோகும், வேறு வழி பார்க்கலாம். இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே "பண்ணிடலாம்யா" என்றால்தான் மதுரைவீரனுக்குச் சந்தேகம் வரும்.

ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு மாற்றுத்திறனாளிகள் முகாம். திருநின்றவூரிலிருந்து மகன் உதயகுமாரை ஆட்டோவில் கொண்டுவந்து, வாசலில் கிடந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். தசை தேயும் நோய் அவனுக்கு. மீசை அரும்புகிற வயதில் நடை போயிற்று. இப்போது கையும் தானாக எழும்புவதில்லை. வாய் மட்டும் தேயவில்லை. தாலுகா ஆபீஸ் வழியாக மாதாமாதம் அவனுக்கு ஓர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. ஆள் துணை இல்லாமல் ஒன்றும் முடியாதவர்களுக்குப் பராமரிப்புத் தொகை என்று வேறொன்று உண்டு, கொஞ்சம் கூடுதலாக வரும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மாறுவதற்குத்தான் இந்த அலைச்சல்.

முதல் மேசையில் டாக்டர். "தானா சாப்பிடுவாரா?"

"சாப்டுவான் சார். சூப்பரா சாப்டுவான்," என்றார் மதுரைவீரன். சொந்தக்காரர்கள் விசாரிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில்.

"நைனா, இன்னா எனக்குப் பொண்ணா பாக்க வந்துகீறே?" என்றான் உதயகுமார். "சார், எங்கம்மாதான் ஊட்டுது. குளிப்பாட்டுறது, புரட்டிப் படுக்க வெக்கிறது எல்லாம் அதான்."

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மதுரைவீரன் விட்டத்தைப் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்து அடுத்த மேசைக்கு அனுப்பினார்.

அங்கே கிருஷ்ணப்பிரியா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பெண். "பழசை நிறுத்தச் சொல்லி இதுல ரேகை வெச்சுக் குடுங்கய்யா. அது நின்னாதான் புதுசு ஏறும். ரெண்டும் ஒருத்தருக்குக் கிடையாது."

"அது நின்ன மாசமே இது வந்துடுமா?"

"ஃபண்டு வந்ததும் ஏத்திடுவாங்க."

"ஃபண்டு எப்போம்மா வரும்?"

அவள் செல்போனை ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கவலையே படாதீங்கய்யா."

மதுரைவீரன் நாற்காலியைத் திருப்பினார். "வந்தது போதும். வா போலாம்."

"நைனா, நில்லு. இன்னாத்துக்கு இப்பிடி ஓடுற?"

"உனுக்குத் தெரியாதுடா. மண்ணூர்பேட்டை கம்பெனில பிரஸ் மிஷினு ஓட்டிக்கினு இருந்தப்போ மொதலாளி இதே மாரிதான் சொன்னான். புதுக் கம்பெனி வெக்கிறேன், இங்க வேலைய விட்டுட்டேன்னு எய்திக் குடுத்துட்டு அங்க வந்து சேந்துக்கோன்னான். எய்திக் குடுத்தேன். புதுக் கம்பெனி கேட்டுல உம்பேரு இல்லைன்னு தொரத்தினானுங்க. பழசும் பூட்ச்சு, புதுசும் பூட்ச்சு. நாலு காசு வர்றது நின்னா வாடகைய யாரு குடுப்பா? உன் மாமனாரா?"

"எனக்கு மாமனாரு இருந்தா உன்னை ஏன் கூட்டிக்கினு வர்றேன்?" என்ற உதயகுமார் குரலைத் தணித்தான். "போன வாரம் அம்மா என்னைத் தூக்கறப்போ இடுப்பு புடிச்சுக்கினு அப்பிடியே உக்காந்துடுச்சு. நானும் சரிஞ்சுட்டேன். நீ அயனம்பாக்கத்துல நைட் வாட்ச்மேன் டியூட்டில இருந்தே. ரெண்டு பேரும் தரையிலயே கெடந்தோம். பக்கத்து ஊட்டு தாட்சாயிணி அக்கா தண்ணி புடிக்க வந்துதான் தூக்கிச்சு."

"உங்கம்மா என்கிட்ட சொல்லவே இல்லியேடா."

"சொல்லாதேன்னுச்சு. தெனம் காலையில அந்தக்கா வந்து குளிப்பாட்டுறேன்னுது. அது நாலு ஊட்டுல வேலை பாக்குது, நம்ம ஊட்டுக்கு மட்டும் ஓசில வருமா? கூட வர்ற பணத்துக்குத்தான் இதைக் கேக்குறேன். எனுக்கு பேண்டு சட்ட எடுக்கவா?"

மதுரைவீரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும். மனைவி வேம்புலியம்மாள் இத்தனை நாளும் வலி என்று அவர் எதிரில் இடுப்பில் கை வைத்ததில்லை.

"ரேகை வெக்கிறீங்களா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்றாள் கிருஷ்ணப்பிரியா. இந்தத் தடவை அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

உதயகுமாரின் கை மடியில் கிடந்தது. யாராவது எடுத்து வைத்தால்தான் மேசைக்கு வரும். மதுரைவீரன் அந்த மணிக்கட்டைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் வைத்தார். பதிந்துவிட்டது. அப்புறமும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ரசீது குடும்மா."

"மெசேஜ் வரும்யா."

"மெசேஜ வெச்சு நான் இன்னா பண்றது? கைல ஒண்ணு குடு."

அவள் ஒரு துண்டுச் சீட்டில் தேதியைக் கிறுக்கிக் கொடுத்தாள். முத்திரை இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தார், மகனின் விரலைத் துண்டால் துடைத்துவிட்டார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார்.

"வந்துடும் நைனா," என்றான் உதயகுமார்.

"வந்தப்புறம் சொல்லு," என்றார். "தாட்சாயிணிய நாளைலேருந்தே வரச் சொல்லு. நான் இன்னொரு டியூட்டி கேக்குறேன், பகல்லயும் சேத்துப் பாப்பேன், அந்தக் காசை அதுக்குக் குடுத்துடலாம். இவங்களை நம்பி ஒண்ணும் செய்ய முடியாது."

ஆட்டோக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டபடி கேட்டைத் தாண்டினார்.