நடுவிலிருந்த கீற்று

1.

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். கேட்டிருந்தால், "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்று எரிந்து விழுந்திருப்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எல்லையற்ற இருளில் இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று…' சே! வேண்டாம். அக்கா வானாய்வகத்தில் படம் துடைப்பவள். தொலைநோக்கிப் படங்களில் விழும் தூசியையும் விளக்கொளிக் கறையையும் கணினியில் நீக்குவாள். பக்கத்து மேசையில் அத்தான் அதைச் சரிபார்ப்பார். (கணவனும் மனைவியும் ஒரே அறையிலா என்று இழுக்காதீர்கள். காதல் வந்ததே அந்த அறையில்தான்.)

2.

அவர்களுடைய மகள் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அக்காவுக்குத் தாங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் சட்டை, செருப்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். குழந்தை சுவரில் கிறுக்கியதன் மேல் சுண்ணாம்பு அடித்தாள். அத்தான் சண்டை போடவில்லை, தனி வீடு பார்த்துக்கொண்டு போனார். இப்போது வேறு ஊர் ஆய்வகத்துக்கு மாற்றல் வாங்கிவிட்டார். நாளைக் காலையில் வண்டி.

3.

இன்று அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். அவள் துடைத்த படமொன்றை அத்தான் திருப்பி அனுப்பியிருந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விண்மீன் மண்டலங்கள்.

"நடுவுல இருந்த ஒளிக்கீற்றை ஏன் எடுத்தே?" என்றார் அத்தான்.

"விளக்குக் கறைங்க அது."

"கறையில்ல. இது ரெண்டும் முன்னாடியே ஒருதடவை ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போயிருக்கு. அப்ப ஈர்ப்புல இழுபட்டு வெளிய வந்த நட்சத்திரங்க. ரெண்டுலேர்ந்தும் வந்தது. துடைச்சிடாதே."

"மோதினா எல்லாம் உடைஞ்சிடாதா அத்தான்?" என்றேன்.

"ஒரு நட்சத்திரங்கூட உரசாதும்மா, நடுவுல அவ்வளவு இடம். ஆனா பழைய வடிவம் இருக்காது."

"பிரிஞ்சு போனது திரும்ப வருமா?"

"விலகுற வேகம் ஈர்ப்பை மீறலைன்னா வரும்." இதைச் சொன்னது அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

(இங்கே 'அத்தானின் கண்கள் கலங்கின' என்று எழுதி அடித்துவிட்டேன். அழுதது நான்தான்.)

4.

முடிவு ஒன்று: அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். முடிவு இரண்டு: அக்கா 'போகாதீங்க' என்று கையைப் பிடிக்கிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் இருப்பவள் என் அக்கா இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அக்கா துடைக்காத பழைய படத்தைத் திறந்து கீற்றை அப்படியே விட்டாள். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"சுவத்துல சுண்ணாம்புதானே அடிச்சேன். அடியில அவ கிறுக்கினது இருக்கும். எனக்குத் தனியா சுரண்டப் பயமா இருக்கு. வர்றீங்களா?"

அத்தான் வாயைத் திறந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மகள் கிறுக்கிய சுவராக அது இருந்தால், நாளைக் காலை வண்டியில் நீங்கள் ஏறுவீர்களா?