தங்கையின் டயரில் அண்ணன் அடித்த காற்று

“என் டயர்ல காத்தடிக்க நீ யாருடா?”

தங்கை அண்ணனை ‘டா’ போட்டதை எங்கள் கட்டடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது. நான் அடுப்பை அணைத்தேன், குழாயையும் மூடினேன். ஒரு வார்த்தை தவறிவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

“மரியாதையா பேசு. உன் நல்லதுக்குத்தான் அடிச்சேன்.”

“நல்லதுக்கா? பதினாறு நாளா, எனக்குத் தெரியாம, திருடன் மாதிரி?”

“திருடன் காத்தைப் பிடுங்கிட்டுப் போவான். நான் அடிச்சுத்தானே வெச்சேன்?”

இருவரும் எதிர்வீடு. அவர்கள் வீட்டு நடையில், சுவரில் கொக்கி அடித்து இரண்டு சைக்கிள்களை மாட்டியிருப்பார்கள். என் சமையலறை ஜன்னல் நேராக அதைப் பார்க்கும். அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னலை அங்கே வைத்தது கட்டடம் கட்டியவன்.

அண்ணனுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது, பெயர் ஊசி. அவனுடைய சைக்கிள் டயர் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும் என்பதால் வந்த பெயர். அதில் நூற்றுப் பத்து பவுண்டு வரைக்கும் காற்றை ஏற்றி, விரல் முட்டியால் தட்டி, ‘டங்’ என்று கேட்டால்தான் அவனுக்குக் காப்பி இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பின்னால் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள், தொப்பையைப் பிதுக்கிக் காட்டும் பனியன் போட்டுக்கொண்டு ஓட்டிப் போவார்கள். அகல டயர் என்பது கேஸ் சிலிண்டர் போடுகிறவர்களுக்கு என்பது அந்தக் கூட்டத்தின் தீர்ப்பு.

தங்கை பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் சின்னக் கத்தியால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும். தினம் பதினெட்டு கிலோமீட்டர் போய், பதினெட்டு கிலோமீட்டர் வருவாள். சாலையில் தாரைவிடக் குழிகள் அதிகம். ஆறு மாதமாக அவள் விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்தன. கத்தி வழுக்கியது. ஒரு பெரியவரின் முன்பல் ஓநாய்ப் பல்லாகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பார்சல் மேஜைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கீழே சைக்கிள் கடை வைத்திருப்பவரை ஸ்போக் என்போம், ஆள் அவ்வளவு ஒல்லி. அவர்தான் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கையில ஒண்ணும் இல்லம்மா. ரோட்டுக் குழி அத்தனையும் நேரா உங்க கைக்கு வருது. அகல டயரா, முப்பத்திரண்டு மில்லிமீட்டர் போடுங்க. காத்து அறுபது போதும். குழியை டயரே வாங்கிக்கும்.” மாட்டி, அறுபதில் நிறுத்தி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

“நம்ம வீட்டுக்கு டிராக்டர் வந்திருக்கு” என்றான் ஊசி. அதோடு நின்றிருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

பதினாறு நாளாகியும் கை தேறவில்லை. டயரை அழுத்திப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தாள், தினமும். மரத்துப் போன கட்டைவிரலுக்குக் கல்லும் ஒன்றுதான், களிமண்ணும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்: “அழாதேம்மா. அண்ணன் உன்மேல உசிரையே வெச்சிருக்கான். தினம் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து உன் சைக்கிளுக்குக் காத்தடிக்கிறானே, எந்த அண்ணன் செய்வான்?”

நான் சொன்னது அவ்வளவுதான். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். காய்கறிப் பையோடு நான் மூச்சு வாங்கி மேலே வந்து, அடுப்பு மூட்டிய கையோடு ‘டா’ வந்துவிட்டது.

ஸ்போக்கைக் கூப்பிட்டாள். அவர் காற்று மீட்டரோடு வந்து வால்வில் வைத்தார். முள் நூற்றுப் பத்தில் நின்றது. அவர் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

“சார், டயர் மேலயே எழுதியிருக்கு, எண்பதுக்கு மேல போகாதேன்னு.”

“எழுதினவன் ஓட்டிப் பாத்தானா?”

“பாலத்துல இறங்கும்போது முன் டயர் வெடிச்சிருந்தா? உங்க தங்கச்சி பல்லு செஞ்சிருக்க மாட்டாங்க சார், பல்லு கட்டிக்கிட்டிருப்பாங்க!”

“வெடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல” என்றாள் தங்கை. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “என் கை செத்துப்போச்சுன்னு நெனச்சேன். இன்னிக்கு மத்தியானம் நானே போய்க் கத்தியைக் குடுத்துட்டேன். ஒன்பது வருஷம் பிடிச்ச கத்தி. பார்சல்ல போடுங்கன்னு என் வாயாலயே கேட்டேன்.”

“மெத்துமெத்துன்னு இருந்தா ஓடாதேன்னுதான்...”

“அகலமா போட்டும் மரத்துப் போகுதே, ஏண்ணான்னு உன்கிட்ட மூணு தடவை கேட்டேன். என்ன சொன்னே?”

ஊசி என்ன சொன்னான் என்று எனக்கே தெரியும், மூன்று தடவையும் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்றான். சிரித்துக்கொண்டே.

அவள் வால்வை அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு போனதில் மேல்மாடி நாய் குரைத்தது. ஸ்போக்கின் கையிலிருந்து மீட்டரைப் பிடுங்கி, தானே வைத்துப் பார்த்து, அறுபதில் நிறுத்தினாள். பிறகு சைக்கிளை உருட்டி வந்து என் கூடத்தில் சாத்தினாள்.

“அக்கா, இது இங்கதான் இருக்கும். அவன் வந்தா கதவைத் திறக்காதீங்க.”

அவன் வராமல் இருப்பானா? நான்காம் நாள் வந்தான். “அக்கா, காத்தெல்லாம் அடிக்கல. சும்மா ஒரு தடவை தட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்.” நான் கதவைச் சாத்திய சத்தம்தான் அவனுக்குக் கிடைத்த ‘டங்’.

ஐந்தாவது வாரம், என் மேஜையில் கிடந்த குண்டூசியை அவள் ஒரே எடுப்பில் எடுத்தாள். கீழே போட்டாள். மறுபடி எடுத்தாள். மறுநாள் கத்தியைத் திரும்பக் கேட்டபோது, அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். “நீதானேம்மா வேண்டாம்னு சொன்னே?” என்றாராம் முதலாளி. அன்று ராத்திரி எதிர்வீட்டில் சண்டையே இல்லை. அண்ணன் எடுத்து வைத்த தட்டை அவள் தொடவில்லை, அவ்வளவுதான். சத்தத்தைவிட அது மோசம். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் வேறு ஊரில் ஒரு பல் கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஸ்போக்கைத்தான் கட்டிக்கொள்வாள் என்று கட்டடமே முடிவு கட்டியிருந்தது. நானும் கொஞ்சம் முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். ஸ்போக் தன் அத்தை மகளைக் கட்டிக்கொண்டார். இவள் கட்டிக்கொண்டது, கேளுங்கள், ரோடு போடும் காண்ட்ராக்டர் ஒருவரை! கல்யாணத்துக்கு ஊசிக்கும் பத்திரிகை வந்தது, தபாலில். போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தான்.

இப்போது அவன் டயர் கொஞ்சம் பருத்திருக்கிறது. கேட்டேன். “ஒல்லியா செய்யறதைக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்கா” என்றான். காற்றடிக்க ஸ்போக்கின் கடைக்குத்தான் இறங்கிப் போகிறான். ஊரைவிட்டுப் போன அன்று தங்கை என் கூடத்திலிருந்து தன் சைக்கிளையும், எதிர்வீட்டு நடையிலிருந்து பம்ப்பையும் எடுத்துக்கொண்டு போனாள். அது அண்ணனுடைய பம்ப். நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன்; இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.