கழுத்தில் தொங்கிய அட்டை

பெற்றோரே, வாருங்கள். சிவகாசிக்கு அருகே ஒரு தனியார் பள்ளி. அதன் ஏழாம் வகுப்பு வாசலில் நின்று உள்ளே பாருங்கள். சுவரோரம் பொன்மணி நிற்கிறாள். அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘நான் தமிழில் பேசினேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

அப்படி என்ன பேசிவிட்டாள்? சற்றுமுன் நாரணாபுரம் பக்கம் பெருஞ்சத்தம் எழுந்து சன்னல்கள் அதிர்ந்தன. அந்தச் சத்தம் கேட்டால் இந்த மண்ணில் எல்லார் வாயிலும் வரும் கேள்வியைத்தான் அவளும் கேட்டாள்.

"எந்தக் கம்பெனி சார்?"

அவள் தாய் வேலுத்தாய் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை செய்பவள். தாய் உயிரோடிருக்கிறாளா என்று கேட்ட குழந்தைக்கு, வகுப்பைப் பார்வையிட வந்திருந்த தாளாளர் சுந்தரபாண்டி கொடுத்த விடை அந்த அட்டை. ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார்.

ஆங்கில ஆசிரியை இசைவாணி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார். இங்கிலாந்தில் ஆசிரியப் படிப்பு முடித்துத் திரும்பியவர்; பள்ளி வாசல் ஃபிளக்ஸில் அவர் படம்தான் பெரிது. இங்கிலாந்து போகுமுன் அதே அட்டையைப் பிள்ளைகள் கழுத்தில் அவரும் மாட்டியவரே. அதுவன்றி ஆங்கிலம் வராதென்று மனதார நம்பியவர். அங்கே முதல் வகுப்பிலேயே அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. பக்கத்திலிருந்த ஈழத்துப் பெண்ணோடு தமிழில் பேசி யோசித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லுமாறு அந்நாட்டுப் பேராசிரியையே பணித்தார்.

இசைவாணி அட்டையைக் கழற்றினார். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாதென்பதால் ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநரை அழைத்தார். வெடித்தது பக்கத்துக் கம்பெனி; வேலுத்தாய் வெளியே பத்திரமாக நிற்கிறாள் என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் அந்தக் கொடுமை வெளிப்பட்டது. பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள் எழுந்தார்கள். எங்கம்மா, எங்கய்யா, எங்கக்கா. அட்டைக்கு அஞ்சி அத்தனை பேரும் அதே கேள்வியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"லண்டன்ல படிச்சிட்டு வந்து தமிழ்ல பேசச் சொல்லுதீகளே டீச்சர், இதுக்கா உங்களுக்கு ஃபிளக்ஸ் வச்சோம்?" என்றார் தாளாளர்.

"அங்கன என்னைய மொதல்ல தமிழ்லதான் யோசிக்கச் சொன்னாக சார்."

மாலைக்குள் இசைவாணியின் வேலை பறிபோனது. ஃபிளக்ஸில் அவர் படம் மட்டும் இன்னும் சிரிக்கிறது; மாணவர் சேர்க்கை முடியவில்லையே! அட்டை மீண்டும் ஆணியில் தொங்குகிறது.

நாளைக் காலை பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே செல்லுங்கள். அந்த அட்டையைக் கழற்றிக் கிழித்தெறியுங்கள். இசைவாணியைத் திரும்ப அழைக்கும்வரை அந்த வாசலைவிட்டு நகராதீர்கள்.