மரக்கட்டைக்கு ஒரு முகம்

மரக்கட்டைக்கு நடிக்க வராது என்பதில் ரசிகர்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. எடிட்டருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவனுடைய எல்லாப் படங்களையும் வெட்டி ஒட்டியவள் அவள்தான். அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவளும் அவள்தான்.

இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றதும் அவன் முகம் அடையாள அட்டைக்குப் படம் பிடித்துக்கொள்பவனின் முகமாகிவிடும். "கட்" என்றதும் மறுபடி மனிதனாகிவிடுவான். இதை முதல் படத்திலேயே கண்டுபிடித்துவிட்ட எடிட்டர், "ஆக்‌ஷ"னுக்கு முன்னாலும் "கட்"டுக்குப் பின்னாலும் கேமரா தப்பித்தவறிப் பிடித்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்து அவனுக்கு நடிப்பு தைத்துக் கொடுத்தாள். இரண்டாம் படத்தில் அவன் நாயகியைப் பார்த்த காதல் பார்வைக்குத் தியேட்டரே உருகியது. அவன் பார்த்தது நாயகியை அல்ல, அவளுக்குப் பின்னால் யாரோ பிரித்துக்கொண்டிருந்த ஐஸ்கிரீமை. அடுத்த படத்தில் கோபத்தில் துடித்த அந்தத் தாடை, பல்லிடுக்கில் சிக்கிய எதையோ நாக்கால் நெம்பிக்கொண்டிருந்த தாடை. அதை ஒரு விமர்சகர் "அடக்கி வாசிக்கும் கலைஞன்" என்று புகழ்ந்திருந்தார். எடிட்டர் அந்தப் பத்திரிகையை மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

பிறகு அவன் எப்படிக் கதாநாயகன் ஆனான் என்று கேட்டால், அப்பா தயாரிப்பாளர். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அவளுக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருந்தது. அவளுடைய தம்பியும் நடிகன். பதினான்கு வருடமாக ஹீரோவுக்கு நண்பன் வேடம். ஹீரோவுக்குக் குடை பிடிப்பான், ஹீரோவின் காதல் கடிதத்தைத் தவறான வீட்டில் கொடுத்து அடி வாங்குவான், இடைவேளைக்கு முன்னால் கத்திக்குத்து வாங்கிச் செத்துப்போவான். எதைக் கொடுத்தாலும் சுத்தமாகச் செய்வான். "இத்தனை வருஷத்துல ஒரு வசனத்தைக்கூட நான் மறந்ததில்ல" என்று அவன் சொல்லாத நாளில்லை.

டிவியில் மரக்கட்டை வந்தாலே அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"இந்தத் தடியனுக்கு உயிர் குடுக்கிறியே, கூடப் பிறந்தவனுக்கு ஒரு நல்லது பண்ணக்கூடாதா? அவன் மூஞ்சிக்கு என்னடி குறைச்சல்?"

"வர்ற படத்துல பாரும்மா. ஆஸ்பத்திரி சீன் முழுக்க இவன் முகம்தான். ஒரு இடத்துலகூட மரக்கட்டை மூஞ்சியைக் காட்ட மாட்டேன்" என்று எடிட்டர் வாக்குக் கொடுத்தாள்.

தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்கப்போகிற ஒரு புது இயக்குநர் கதாநாயகனைத் தேடிக்கொண்டிருந்தார். "உங்க ஆஸ்பத்திரி சீனைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தார். அவனுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்து ஹீரோவுக்கு மாமா வேடம்தான்.

காட்சி இதுதான்: ஆஸ்பத்திரி நடைபாதை. நண்பன் வந்து, "உங்கப்பா போயிட்டார்டா" என்று ஆரம்பித்து, கடைசி நேரத்தில் அவர் என்னென்ன பேசினார் என்று நீளமாகச் சொல்வான். ஹீரோவுக்கு ஒரே ஒரு வார்த்தை வசனம். "எப்போ?"

தயாரிப்பாளர் எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, பையன் முகத்துலேயே வெச்சிடு. காசு குடுத்து வர்றவன் அவனைப் பார்க்கத்தானே வர்றான்? உன் தம்பி குரல் பின்னால கேட்டா போதும்."

"சீனுக்கு எது சரியோ அதைத்தான் சார் வைப்பேன்" என்றாள் அவள். அவர் முறைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை வேலையே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு, காட்சி முழுவதையும் தம்பி முகத்தில் வைத்துக் கோத்தாள். ஓட்டிப் பார்த்தாள். அப்பழுக்கு சொல்ல முடியாத நடிப்பு. 'கையைப் பிடிச்சுக்கிட்டு' என்ற சொல்லில் உதடு நடுங்கியது, 'உன் பேரைத்தான்' என்ற சொல்லில் கண்ணீர் வழிந்தது. வேறொரு டேக்கைப் போட்டாள். அதே சொல்லில் அதே கண்ணீர். இன்னொன்றைப் போட்டாள். அதிலும் அப்படியே, அதே கண்ணில். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஏதோ உறுத்தியது. தம்பி அழுகிறான், தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று யோசித்தாள். களைப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒப்புக்குத்தான் அதே காட்சியில் மரக்கட்டையின் முகத்தைப் பிடித்திருந்த ஷாட்டைத் திறந்தாள். திட்டிக்கொண்டே பார்ப்பது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு.

"ஆக்‌ஷன்." வழக்கமான அடையாள அட்டை முகம். படத்தில் தெரியாத தம்பியின் குரல் பேசத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த முகம் கலைந்தது. கண்கள் தம்பியிடமே நின்றன. அவன் "எப்போ?" என்று கேட்க வேண்டிய இடம் வந்தது. வாய் திறந்தது. சொல் வரவில்லை. மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான். எதை எங்கே வைத்தோம் என்று தெரியாதவன் போலத் தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், திரும்ப நண்பனையே பார்த்தான். வசனத்தைச் சுத்தமாக மறந்துவிட்டு ஒருவன் திருதிருவென்று முழிக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அப்பன் செத்த சேதி கேட்டவனும் அப்படித்தான் முழிப்பான். எடிட்டரின் அப்பா போன அன்று அவளும் அப்படித்தான் முழித்தாள்.

"கட்" என்ற பிறகும் கேமரா சற்று ஓடியிருந்தது. மரக்கட்டை புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "சாரிண்ணா, நீங்க பேசுனதைக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். என் டயலாக்கே மறந்துபோச்சு."

உடனே தம்பியின் குரல் கேட்டது. தெளிவான, ஈரமில்லாத குரல். "கேமராமேன் சார், என் தோள்பட்டை ஃப்ரேமுக்குள்ள வருதா?"

எடிட்டர் அங்கேயே நிறுத்தினாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மரக்கட்டையை வாய்க்கு வந்தபடி திட்டினாள், அவன் அப்பனைத் திட்டினாள், கடைசியில் தன்னைத் திட்டினாள். பிறகு தம்பியின் முகத்தை எடுத்துவிட்டு, காட்சி முழுவதும் அந்த முழியை வைத்தாள். ஓட்டிப் பார்த்து அழுதாள்.

வீட்டில் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்கு அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். புது இயக்குநர் முன்வரிசையில் இருந்தார், மரக்கட்டையும் வந்திருந்தான். ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். திரை முழுக்க மரக்கட்டையின் முகம். தம்பியின் குரல் மட்டும் ஓடியது. அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம். "பாவி, அழ வைக்கிறானே" என்று முணுமுணுத்த அம்மா, யாரைச் சொல்கிறோம் என்பது உறைத்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். படம் முடிந்ததும் புது இயக்குநர் நேராக மரக்கட்டையிடம் போய்க் கை கொடுத்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் தம்பி அக்காவுக்காகக் காத்திருந்தான்.

"தயாரிப்பாளர் வெட்டச் சொன்னாராக்கா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் சொன்னதும் உண்மைதான். தம்பி நம்புவான், அம்மா சாபம் கொடுப்பாள், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

"சொன்னார். ஆனா அதுக்காக இல்ல. நான்தான் வெட்டினேன்."

அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"நானும் அவனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான் கடைசியில். "பேசுறது என் குரல்ங்கிறதே தோணல. அவன் அந்த இடத்துல என்ன பண்ணினான்? எதை நினைச்சு நடிச்சான்?"

"நடிக்கல. நீ பேசினதைக் கேட்டுக்கிட்டிருந்தான். வசனம் மறந்துபோச்சு."

தம்பி சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை. வாய் திறந்து மூடியது. வண்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். இந்த முகத்தைத்தான் அவள் எல்லா டேக்கிலும் தேடியிருந்தாள்.

"நான் ஒரு தடவைகூட மறந்ததில்லையேக்கா" என்றான்.