பச்சைப் பட்டன்

அலுவலகத்தில் அவளுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். ஆஸ்பத்திரிக்காகத் தயாராகும் வெப்சைட்டை வெளியாட்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. வருகிறவர் கையில் மவுஸைக் கொடுத்து, ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று எழுதிக்கொள்வாள். உதவ மட்டும் கூடாது. 'அங்கே இல்லை, இங்கே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலும் அன்றைய சோதனை பாழ். வீட்டில் தனியாக உட்கார்ந்து தேதி தேடும் நோயாளிக்கு யார் பக்கத்திலிருந்து சொல்லப் போகிறார்கள்?

வாயைப் பூட்டிக்கொள்வதில் அவளுக்கு வருத்தமில்லை. எழுதிக் கொடுத்ததை ஒருத்தரும் மதிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மூன்று மாதமாக ஒரே விஷயத்தைக் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தாள். நோயாளி தன் போன் நம்பரை மாற்றும் பக்கத்தில், கீழே இரண்டு பட்டன்கள். 'சேமி' என்பது வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதன் பக்கத்தில் பச்சைப்பசேலென்று பெரிதாக ஒன்று: 'ஆபரேஷன் தேதியை ரத்து செய்.' அவசரத்தில் யார் எழுத்தைப் படிக்கிறார்கள்? முடித்துவிட்டோம் என்ற நினைப்பில் கை தானாகப் பச்சைக்குப் போகிறது. 'நிச்சயமா?' என்று அது ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பதினோரு பேரில் ஏழு பேர் பச்சையைத்தான் அழுத்தினார்கள்.

பக்கங்களை வடிவமைத்தவருக்கு ஓவியர் என்று பட்டப்பெயர். அதைப் பட்டம் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். "எழுதித்தானே போட்டிருக்கேன், அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்பார். "சாம்பலும் பச்சையும் சேர்ந்தாத்தாங்க பக்கத்துக்கே ஒரு அமைதி வருது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாகக் கட்டியவரே ஆட வந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வெப்சைட் திறப்பு. கடைசிச் சோதனைக்கு ஓவியரையே நேரில் இழுத்து வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கண்ணால் பார்த்தாலாவது புத்தி வரட்டும் என்று. பார்த்தால், வர வேண்டிய ஆள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவுமில்லை. ஓவியர் வாட்சைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாரானார்.

வெளியே வரவேற்பறையில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்தியே முழங்கால் தேய்ந்து போனவள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக எட்டு மாதம் காத்திருந்து, அதே ஆஸ்பத்திரியில், அடுத்த வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கி, பள்ளிக்கூடத்தில் லீவும் சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்குத் தங்கையோடு சேர்ந்து போகலாம் என்றுதான் இன்று வந்திருந்தாள்.

"ஒரு பத்து நிமிஷம் வாக்கா. எனக்கு ஓர் உதவி."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"உன் போன் நம்பர் மாறிடுச்சுன்னு வச்சுக்கோ. புது நம்பரைப் பதியணும். உன் சொந்த விவரத்தையே போடு, அப்பதான் இயல்பா இருக்கும். பயப்படாதே, இது வெறும் ஒத்திகைதான். உள்ள இருக்கறதெல்லாம் பொய் ஆளுங்க, எந்த எண்ணைப் போட்டாலும் அவங்கதான் வருவாங்க."

அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துப் பார்த்து அதிலிருந்த தன் நோயாளி எண்ணை அடித்தாள். திரையில் அவள் பெயரும் வியாழக்கிழமைத் தேதியும் வந்தன. வாய்ப்பூட்டு அங்கேயே விழித்திருக்க வேண்டும். பொய் ஆட்கள் இருக்கும் இடத்தில் அக்காவின் பெயர் எப்படி வரும்? ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவின் கையை. அந்தக் கை எந்தப் பட்டனுக்குப் போகும் என்பதில்தான் அவள் உயிரே இருந்தது.

அக்கா புது நம்பரை அடித்து முடித்துத் திரும்பினாள். "இப்ப என்னடி பண்ணணும்?"

"நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோ. வீட்டுல இருந்தா என்ன பண்ணுவ?"

"வீட்டுல இருந்தா உனக்குத்தான் போன் பண்ணுவேன்."

பின்னால் ஓவியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அழுத்து, அழுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பச்சையை அழுத்தினாள்.

'உங்கள் தேதி ரத்து செய்யப்பட்டது. நன்றி.' பக்கத்தில் ஒரு பூப்படம் வேறு.

"பார்த்தீங்களா?" என்று ஓவியர் பக்கம் திரும்பினாள். மூன்று மாதக் கோபமும் சந்தோஷமாக மாறியிருந்தது. "எட்டாவது ஆள்."

அப்போது அக்காவின் கைப்பைக்குள் போன் ஒலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ். புது நம்பர்தான் சேமிக்கப்படவில்லையே, ரத்துச் செய்தி பழைய நம்பருக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

ஓவியர் முகம் வெளுத்தது. "அந்தப் பொய்ப் பேரெல்லாம் அ, ஆ, இன்னு பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. திறப்பு அன்னைக்குப் பெரியவங்க பார்க்கறப்ப நல்லா இருக்கட்டும்னு நேத்துதான் ஆஸ்பத்திரியோட நிஜ நோயாளிங்க பட்டியலை இணைக்கச் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எல்லாருக்கும் எழுதி அனுப்பினேனே. நீங்க படிக்கலையா?"

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். காலியான தேதி வரிசையில் அடுத்து நின்ற ஓர் அம்மாவுக்குத் தானாகப் போய்விட்டது என்றாள் அங்கே பேசிய பெண். அந்த அம்மாவும் உடனே சரி என்று பதில் அனுப்பிவிட்டாராம். அவரும் ஏழு மாதமாகக் காத்திருந்தவர்.

"இது சோதனைங்க. தவறுதலா நடந்துடுச்சு."

"ரத்து பண்ணது யாருங்க?"

"அவங்களேதான். ஆனா..."

"அப்ப நான் என்னங்க செய்ய முடியும்? இனிமே புதுசாப் பதிஞ்சா எட்டு மாசம் ஆகும்."

மேலதிகாரியைக் கேட்டாள், கெஞ்சினாள், கத்தியும் பார்த்தாள். அந்த அம்மாவிடமிருந்து தேதியைப் பிடுங்க முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. போனை வைத்தபோது ஓவியர் தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். 'சேமி' பச்சையாகியிருந்தது. ரத்துப் பட்டன் ஒரு மூலைக்குப் போயிருந்தது.

"மாத்திட்டேன், பாருங்க," என்றார் தணிந்த குரலில். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அக்கா இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். "நான் அழுத்தினது தப்புன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சொல்லக் கூடாது, அதுதான் விதி என்று சொல்ல வாயெடுத்தாள். நூறு பேரிடம் சொன்ன பதில் அது. அக்காவிடம் அது பாதிப் பொய்.

"நீ தப்புப் பண்ணணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்கா," என்றாள்.

அக்கா மேஜையில் கையை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். தங்கை தாங்கப் போனபோது, வேண்டாம் என்று கையை விலக்கினாள்.

"ஸ்கூலுக்குப் போன் பண்ணணும்," என்றாள். "லீவு வேண்டாம்னு சொல்லணும்."