திசைகாட்டிச் செடியைச் சுற்றி ஒரு வரிசைக் கல்

என் தங்கை மார்லிஸுக்கு உடம்பெல்லாம் பிடிவாதம். வாசல் புல்லை எல்லோரும் ஒட்ட வெட்டி வைத்திருக்கும் எங்கள் அயோவா ஊரில், அவள் மட்டும் திசைகாட்டிச் செடி வளர்த்தாள். காட்டுப் புல்வெளியில் முளைப்பது. இலைகள் வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். விதைத்து வருஷக்கணக்காக வெறும் இலைதான். இந்த ஜூலையில்தான் முதல் தண்டு எழும்பி, ஆள் உயரத்துக்கு மேல் மொட்டுக் கட்டியது. அதற்குள் நகராட்சி நோட்டீஸ் வந்துவிட்டது: ஓரடிக்கு மேல் வளர்ந்த களையை வெட்டு, இல்லையென்றால் நாங்கள் வெட்டுவோம்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் சோளம் எட்டடி நிக்குது. அதை எவனாச்சும் கேக்குறானா?" என்றாள்.

"சுத்திச் செங்கல் அடுக்குடி. வளர்த்த செடின்னு தெரியும், விட்டுருவாங்க."

"வெட்டவெளிச் செடிக்கு எதுக்குக்கா கல்லு? அப்புறம் உன் சிமெண்ட் வாத்தையும் கொண்டுவந்து வைக்கச் சொல்லுவ."

எங்கள் ஊரில் வாசலில் சிமெண்ட் வாத்து வைத்து உடுப்பு போட்டுவிடுவது வழக்கம்; என் வாத்துக்கு நான் மாதாமாதம் மாற்றுவேன். அதைக் குத்திக்காட்டாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

செவ்வாய்க்கிழமை நகராட்சி ஆள் லைல் புல்வெட்டும் வண்டியோடு வந்தான். எங்களோடு படித்தவன். மார்லிஸ் செடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தள்ளு மார்லிஸ். சுத்திக் கல்லு இருந்தா தோட்டம்னு சொல்லிட்டுப் போயிடுவேன். இல்லாட்டி களை. நான் என்ன பண்ண?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் மேலா இவள் மேலா என்று தெரியவில்லை. "செடியைத் தொட்டுப் பாரு, தெரியும் சேதி!" என்று கத்திவிட்டுப் பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு ஓடினேன். பெட்டூனியாப் பூச்செடிகளைச் சுற்றியிருந்த செங்கற்களைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அடுக்கினேன். லைல் இஞ்சினை அணைக்கவில்லை. தெருப்பக்கம் ஒரு முழம் பாக்கி இருக்கும்போதே கல் தீர்ந்துவிட்டது.

"முழுசா மூடலையே," என்றான். வண்டி நகர்ந்தது. வெளியே நீண்டிருந்த இலை ஒன்று சக்கரத்தில் மடங்கியது.

மார்லிஸ் சட்டென்று விலகி ஓடினாள். வெட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். வயிற்றோடு அணைத்திருந்தது மஞ்சள் மழைக்கோட்டு போட்ட என் வாத்தை. இடைவெளியில் இறக்கி வைத்து, அதன் தொப்பியையும் சரிசெய்தாள்.

லைல் இஞ்சினை அணைத்தான். "தோட்டம்தான்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூ விரிந்தது. வாத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. ஆகஸ்ட் பிறந்ததும் மார்லிஸே அதற்கு உடுப்பு மாற்றியிருந்தாள்.