தாடை வரை நீலம்

அக்-சாபன் மாவட்ட மருத்துவமனையில் திசுக்களுக்குச் சாயமேற்றும் சைக்காலின் வலது கை, பனி உருகத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை மணிக்கட்டு வரை நீலமானது. பத்தொன்பது வருஷமாக மெழுகில் பதித்த சதையை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, முதலில் நீலத்திலும் பிறகு சிவப்பிலும் முக்கியெடுத்தவள். விரலில் கறை புதிதல்ல. ஆனால் இந்த நீலம் சாராயத்துக்கும் அசையவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அன்றுதான் ரொட்டி சுடும் புருலின் அறுத்தெடுத்த மார்பு அவள் மேசைக்கு வந்தது. எத்தனை துண்டு சீவியும் அதில் நோயே இல்லை. "ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம்" என்று டாக்டருக்குப் பெருமை. சைக்கால் அறுவைக்கு முன் சோதித்த பழைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தாள். பெயர்கள் இடம் மாறியிருந்தன, அவள் கையெழுத்திலேயே. புற்று இருந்தது அதே நாளில் சோதனைக்கு வந்த உம்சுனாய்க்கு. ஒன்றுமில்லை என்று அவளை மேய்ச்சல் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். சைக்கால் பெட்டியை மூடினாள், வாயையும்.

மூடிய ஒவ்வொரு நாளும் நீலம் ஒரு விரற்கடை ஏறியது. அவள் பிசைந்த மாவும் நீலமானது. புருஷன் சாப்பிட்டுவிட்டு, "ருசி அதேதான்" என்றான். "என்னடி, உன்னையே முக்கி எடுத்துட்டியா? அடுத்தது சிவப்பா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னாளில் அதிகம் கூசினாள்.

நீலம் தாடையைத் தொட்ட அன்று லாரி ஏறி மலைக்குப் போனாள். உம்சுனாய் குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"புருல்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. அவங்களுக்குத் திருப்பித் தர எங்கிட்ட ஒண்ணுமில்ல."

உம்சுனாய் அதே லாரியில் இறங்கி வந்து, அறுவை செய்துகொண்டு பிழைத்தாள்.

பிறகு சைக்கால் ரொட்டிக்கடைக்குப் போய்ச் சொன்னபோது புருல் அடிக்கவில்லை. அடுப்பில் ரொட்டி கருகும் வரை அசையாமல் நின்றாள். "மாரு போனாலும் உயிர் மிஞ்சுச்சேன்னு சந்தோஷமா இருந்தேன். அதையும் எடுத்துட்டுப் போகவா வந்தே?"

விசாரணை நடந்தது. சைக்காலைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். நீலம் அதற்குமேல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் புருலிடம்தான் ரொட்டி வாங்குவாள். புருல் கையில் கொடுக்காமல் பலகையில் வைப்பாள். ஆறு வருஷம் கழித்து அடையாள அட்டை மாற்றப் போனபோது, எழுத்தர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில் 'நீலம், தாடை வரை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.